கதவு திறக்கும் பாட்டு

பாங்காக் நகரின் பழைய பகுதியில், ஜனநாயக நினைவுச் சின்னத்திலிருந்து சில நிமிட நடையில், வெள்ளை பூசிய மூன்று சிறிய கோயில்கள் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. ஒன்றில் சிவன், ஒன்றில் பிள்ளையார், ஒன்றில் நாராயணன். தேவஸ்தான் என்பது அந்த இடத்தின் பெயர். முதலாம் ராமா மன்னர் பாங்காக்கைத் தலைநகராக்கிய இரண்டாம் ஆண்டில், 1784-ல், எழுப்பியது. ஆண்டுதோறும் அரண்மனை அந்தணர்கள் அங்கே நடத்தும் விழாவுக்குத் திரியம்பவாய் என்று பெயர். அந்த விழாவில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை ஓதப்படுகிறது. ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு, கிரந்த எழுத்தின் சாயல் கொண்ட சுவடிகளில் எழுதி வைத்து, மந்திரமாகவே அதைக் காத்து வருகிறார்கள்.

பொருள் தெரியாமல் ஓதினால் அது வழிபாடு ஆகுமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. அந்த மதிலின் ஓரத்தில், முதுகுப் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் தோழி கேட்டது.

நான் குத்தாலத்துக்காரி. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, காவிரிக் கரையில் இருக்கிற குத்தாலம். பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். மயிலாடுதுறையில் ஒன்றாகக் கல்லூரி படித்த நாங்கள் நாலு பேர், ஒருத்தி வங்கியில், ஒருத்தி மருத்துவமனையில் செவிலியாக, ஒருத்தி தன் வீட்டு அரிசி ஆலைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு, நான் பள்ளியில் என்று பிரிந்திருந்தவர்கள், ஓர் அரையாண்டு விடுமுறையில் பாங்காக் போனோம். காவ் சான் தெருவில், முதுகுப் பையோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்குகிற விடுதியில் இரண்டடுக்குக் கட்டில் போட்ட பொது அறை. அந்தத் தெரு ஒரு காலத்தில் பெரிய அரிசிச் சந்தையாக இருந்தது என்று படித்ததும் ஆலைக்காரத் தோழிக்கு அந்த ஊர் சொந்த ஊராகிவிட்டது. எங்கே சோறு வாங்கினாலும் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, இது எத்தனை மாதம் பழையது என்று சொல்வாள். டுக்டுக்கில் ஏறினோம், சாவோ பிரயா ஆற்றில் படகில் போய் வாட் அருண் படிகளில் ஏறி இறங்கினோம், மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசி தின்றோம். சுற்றுலா போகிறவர்கள் செய்வதையெல்லாம் மனம் நிறையச் செய்தோம்.

அது மார்கழி. விடிவதற்கு முன் எனக்குத் தானாக விழிப்புத் தட்டிவிடும். மற்ற மூவரையும் எழுப்புவது என் வேலை ஆயிற்று. மேல் கட்டிலில் இருந்தவளைத் தோளைத் தொட்டு எழுப்பினால், “அவங்க ரெண்டு பேரும் எழுந்துட்டாங்களா? அவங்க எழுந்தா எழுப்பு” என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வரும். திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாட்டும் இதுதான். பொழுது விடியும் முன்னே நீராடப் போகும் பெண்கள் வீடு வீடாக நின்று தோழியைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே இருப்பவள் சாக்குச் சொல்கிறாள். எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்கிறாள். நீயே வந்து எண்ணிக்கொள், குறைந்தால் மறுபடி போய்த் தூங்கு என்கிறார்கள் வெளியே நிற்பவர்கள். நேற்றுவரை சிவன்மேல் அத்தனை அன்பு என்று பேசினாயே, இன்று படுக்கைமேல் அன்பா என்று இடிக்கிறார்கள். இருபது பாட்டில் எட்டுப் பாட்டைத் தோழியை எழுப்புவதற்கே கொடுத்துவிட்டார் மாணிக்கவாசகர். கடவுளிடம் நேராகப் பேசுவது ஒன்பதாம் பாட்டில்தான் தொடங்குகிறது.

அப்படி விடியலில் எழுந்து நடந்துதான் தேவஸ்தானுக்குப் போனோம். வழியில், தெரு நடுவே, சாவ் சிங்சா என்னும் பெரிய ஊஞ்சல் நிற்கிறது. இரண்டு செந்நிறத் தேக்குத் தூண்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம். இருபது மீட்டருக்கு மேல் உயரம். ஊஞ்சல் பலகை இன்று இல்லை. முன்பு திரியம்பவாய் விழாவின்போது இளைஞர்கள் அதில் நின்று உந்தி ஆடி, எதிரே மூங்கில் கழியில் கட்டியிருக்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். அரசர் நியமித்த பிரபு ஒருவர் சிவபெருமான் இடத்தில் அமர்ந்து அதைப் பார்ப்பார். ஐந்தாம் ராமா மன்னர் சுலாலங்கோர்ன் 1888-ல் எழுதிய பன்னிரு மாத அரச விழாக்கள் பற்றிய நூலிலும், குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1931-ல் வெளியிட்ட சயாம் அரச விழாக்கள் பற்றிய நூலிலும் இந்த விழாவைப் பற்றி விரிவாகப் படிக்கலாம். 1935-ல் ஊஞ்சல் ஆட்டம் நிறுத்தப்பட்டது. கோயிலுக்குள் நடக்கும் சடங்கு நிற்கவில்லை.

கோயிலுக்குள் போனேன். சிவன் நின்ற கோலத்தில், இரண்டு கையும் நீட்டி அருள்கிறார். அவருக்கு முன்னால், கூடத்தின் நடுவில், என் தலையைவிடக் கொஞ்சம் உயரமான இரண்டு தூண்கள். வெளியே தெருவில் பார்த்த ஊஞ்சலின் சிறிய வடிவம். விழாவின் நிறைவில் தெய்வத் திருமேனிகளை அன்னத்தின் வடிவில் அமைந்த தொட்டிலில் எழுந்தருளச் செய்து, இந்தத் தூண்களில் கட்டி, ஓதிக்கொண்டே ஆட்டி வழியனுப்புவார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பள்ளியறைக்குள் சாமியை ஊஞ்சலில் வைத்துப் பாடுகிற இராப்பொழுது எனக்கு நினைவு வந்தது. மாணிக்கவாசகரே திருப்பொன்னூசல் பாடியவர்தானே. தூணைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த விழாவின் அமைப்பைக் கேட்டால் தமிழ்நாட்டுச் சைவர் எவருக்கும் மயிர்க்கூச்செறியும். சிவபெருமான் ஆண்டுக்கு ஒரு முறை பூமிக்கு இறங்கி வந்து பத்து நாள் தங்குகிறார். அவர் வருவதற்காகக் கயிலையின் கதவைத் திறக்கும் சடங்கில்தான் அந்தத் தமிழ்ப் பாடல் ஓதப்படுகிறது. நெற்பொரி, வாழைப்பழம், தேங்காய், கரும்பு படைக்கிறார்கள். இங்கே நம் சிவாலயங்களில் மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் மாணிக்கவாசகர் திருமேனியை நடராசர் முன் எழுந்தருளச் செய்து, ஓதுவார் ஒவ்வொரு பாட்டாகப் பாட, பாட்டுக்கு ஒரு தீபம் காட்டுகிறார்கள். அங்கேயும் பத்து நாள், இங்கேயும் பத்து நாள். அவர்கள் முன்பு தங்கள் முதல் மாதத்தில், நம் மார்கழியை ஒட்டித்தான் நடத்திவந்தார்கள். பிறகு அடுத்த மாதத்துக்கு மாறியது. நடுவில் எத்தனை கடல், எத்தனை அரசுகள்! தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதை மணிக்கிராமத்து வணிகர்களின் காவலில் விட்டதையும் சொல்கிறது. நம்மவர்கள் அத்தனை காலம் முன்பே போய்க் குளம் வெட்டிய கரை அது. போனவர்களின் மொழி அங்கே பேச்சில் நிலைக்கவில்லை. பாட்டு நிலைத்தது.

இதையெல்லாம் மதிலோரம் உட்கார்ந்து தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வங்கித் தோழி கேட்டாள். “எல்லாம் சரிடி. பொருள் தெரியாம ஓதுனா அது வெறும் சத்தம்தான? சாமிக்கு என்ன போய்ச் சேரும்?”

செவிலித் தோழி அவளைப் பார்த்துச் சொன்னாள்: “ராத்திரி வார்டுல நோயாளிங்க முனகுறதுல பாதி எனக்குப் புரியாது. ஆனா யாரைக் கூப்பிடுறாங்கன்னு தெரிஞ்சிடும்.”

இரண்டு பேச்சையும் நான் இன்றுவரை மனத்தில் வைத்து எடை போடுகிறேன். வங்கித் தோழியின் பக்கம் பெரிய சாட்சி ஒருவர் நிற்கிறார். மாணிக்கவாசகரேதான். சிவபுராணத்தின் முடிவில் அவர், பாட்டின் பொருளை உணர்ந்து சொல்கிறவர்களுக்கே சிவபுரத்தில் இடம் என்று வைத்துவிட்டார். உணர்ந்து என்று நிபந்தனை போட்ட புலவரின் பாட்டையே உணராமல் ஓதுவது அவர் சொல்லைத் தட்டுவதுதானே என்று கேட்டால், பதில் சொல்லக் கடினம்தான்.

ஆனால் அதே மாணிக்கவாசகரைப் பற்றி இன்னொரு வரலாறும் நம்மிடம் வழங்குகிறது. தில்லையில் அவர் பாடப் பாட ஈசனே அந்தணராக வந்து திருவாசகத்தை ஏட்டில் எழுதிக்கொண்டதும், அந்த ஏட்டைக் கண்ட தில்லைவாழ் அந்தணர்கள் இதற்குப் பொருள் சொல்ல வேண்டும் என்று கேட்டதும், மாணிக்கவாசகர் அவர்களைச் சிற்றம்பலத்துக்கு அழைத்துப் போனதும், கூத்தப்பெருமானைக் காட்டி, பொருள் இவனே என்று சொல்லி ஒளியில் கலந்ததும் நமக்குத் தெரியும். பதவுரை கேட்டவர்களுக்கு அவர் பதவுரை சொல்லவில்லை. கையை நீட்டி ஒருவனைக் காட்டினார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எனக்கு வழி தெரிகிறது. சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு, அது அகராதியிலும் உரையிலும் இருக்கிறது. பாட்டு முழுவதும் யாரை நோக்கி நீள்கிறதோ அந்தப் பொருள் ஒன்று உண்டு. முதலாவது இரண்டாவதற்குக் கொண்டு சேர்க்கும் பாதை. பாங்காக் அந்தணர்கள் முதலாவதை இழந்துவிட்டார்கள். இரண்டாவதை இழந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யார் வருகைக்காக ஓதுகிறோம், எந்தக் கதவு திறப்பதற்காக ஓதுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். விழாக் காலம் முழுவதும் தலைமை அந்தணர் கோயிலுக்குள்ளேயே தங்கி, புலால் நீக்கி, விரதம் காக்கிறார். வெறும் சத்தத்துக்காக யாரும் விரதம் இருப்பதில்லை. அவர்கள் புத்தரையும் வணங்குகிறவர்கள், பேசுவது தாய்லாந்து மொழி, வாழ்வது வேறொரு நாட்டு அரசருக்குக் கடமைப்பட்டு. இருந்தும் எவனைக் குறித்து இந்தப் பாட்டு பிறந்ததோ அவன் முன்னால்தான் இன்றும் அதை ஓதுகிறார்கள்.

எங்கள் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. நடவு நட்ட கை. மார்கழியில் சாணத்தில் பூசணிப் பூவைச் செருகி வாசலில் வைத்துவிட்டுத் திருவெம்பாவை பாடுவார். பல சொற்கள் அவர் வாயில் வேறு சொற்களாகிவிட்டிருந்தன. கேட்டுப் படித்த பாட்டு. கோயில் ஒலிபெருக்கியில் சரியான பாடம் வந்துகொண்டிருக்கும்போதே அப்பாயி தன் பாடத்தைத்தான் பாடுவார். அவர் பாடியது வழிபாடு இல்லை என்று சொல்லும் தத்துவம் எதையும் நான் ஏற்கமாட்டேன். அப்பாயிக்குப் பொருந்தும் நியாயம் பாங்காக் அந்தணருக்கும் பொருந்தவேண்டும்.

டெல்டாவில் விதைநெல்லை வைக்கோல் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பவர் அதை அவித்துத் தின்று ருசி பார்ப்பதில்லை. முளைப்பு கெடாமல் அடுத்த போகத்துக்குக் கொடுப்பதே அவர் வேலை. தாய்லாந்தில் நடந்தது அதுதான். கடந்த நூற்றாண்டில் தனிநாயகம் அடிகளைப் போன்ற தமிழறிஞர்கள் அங்கே போய்க் கேட்டபோது, சிதைந்த உச்சரிப்புக்குள்ளிருந்து திருவெம்பாவை தலைநீட்டியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1972-ல் தாய்லாந்தில் வழங்கும் வடமொழி, தமிழ்ப் பாடங்களை நீலகண்ட சர்மாவின் பதிப்பாக வெளியிட்டது. காத்தவர்கள் சரியாகக் காத்ததால்தான் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. பொருள் தெரியவில்லையே என்று அவர்களின் முன்னோர் ஒரு தலைமுறை விட்டிருந்தால், நான் அந்தத் தூண்களுக்கு முன் நின்றிருக்கமாட்டேன்.

ஆனாலும் அங்கே ஒன்று போய்விட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் வங்கித் தோழிக்கு நான் நியாயம் செய்தவள் ஆகமாட்டேன். போனது தோழி. கதவு திறக்கும் சடங்கு இருக்கிறது. கதவுக்கு வெளியே நின்று தன் தோழியைக் கூப்பிடும் பெண் அங்கே இல்லை. அரசவைச் சடங்கில் வெள்ளுடை உடுத்த ஆண்கள் ஓதுகிறார்கள். மாணிக்கவாசகர் பாட்டில் முதலில் திறக்க வேண்டிய கதவு கயிலையின் கதவு அன்று. பக்கத்து வீட்டுக் கதவு. தோழி எழுந்து வெளியே வந்த பிறகுதான் கூட்டம் குளத்துக்குப் போகிறது. தான் மட்டும் விழித்திருந்தால் போதும் என்று அந்தப் பெண்களில் ஒருத்தியும் நினைக்கவில்லை. ஒன்பதாம் பாட்டில் ஈசனிடம் வாய் திறந்ததும் அவர்கள் கேட்கிற வரமும் கூட்டத்தைப் பற்றியதே: உன் அடியவரே எங்களுக்குக் கணவர் ஆகவேண்டும்.

சைவம் இதைப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை, சாத்திரத்திலும் வைத்தது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் கடைசி, பன்னிரண்டாம் நூற்பாவில், மலம் கழுவிய ஞானிகூட அன்பரோடு கலந்திருக்கவேண்டும் என்கிறார். அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழச் சொல்கிறார். வீடு பேற்றின் வாசலில் நிற்பவனுக்கும் துணை வேண்டும். குத்தாலத்துப் பெண்ணான எனக்கு இது புதிதில்லை. திருத்துருத்தி என்று தேவாரம் பாடும் எங்கள் ஊர் உக்தவேதீஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் நீராடித்தான் சுந்தரர் தம் உடற்பிணி நீங்கினார். ஆண்டவனுக்கே தோழராக இருந்தவர் அவர். தோழமையை வழிபாட்டின் ஒரு நெறியாகவே, சகமார்க்கமாகவே நம் முன்னோர் வகுத்தார்கள்.

அப்படியானால் பொருள் என்பது தலைக்குள் மட்டும் இருப்பதில்லை. திருவெம்பாவையின் பொருள், அது செய்யச் சொல்லும் செயலில் இருக்கிறது: நீ விழித்தாயா, அடுத்தவளை எழுப்பு. இந்த அளவுகோலை எடுத்தால் பாங்காக் அந்தணர்களை மட்டும் அளந்துவிட்டுத் திரும்ப முடியாது. எங்கள் தெருவையும் அளக்கவேண்டும். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி பாடுகிறது, வீடுகள் மூடியிருக்கின்றன. பள்ளிப் போட்டியில் பிள்ளைகள் இருபது பாட்டையும் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள்; பரிசு வாங்கிய பிள்ளையிடம், உள்ளே படுத்திருக்கிறவள் என்ன சாக்குச் சொல்கிறாள் என்று கேட்டால் விழிக்கிறாள். மொழி தெரியாதவர்களுக்குப் பொருள் எட்டவில்லை என்பதில் குற்றம் இல்லை. மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களுக்கு எட்டவில்லை என்றால், அவர்களை யாரும் எழுப்பவில்லை என்று அர்த்தம். அந்த எழுப்பும் வேலை என்னைப் போன்ற தமிழாசிரியர்களுடையது.

ஆகவே என் தோழியின் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த விடை இது. பொருள் தெரியாமல் ஓதுவதும் வழிபாடுதான், ஓதுகிறவருக்கு வேறு வழி இல்லாதபோது. அன்போடும் விரதத்தோடும் அடுத்தவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறபோது. தெரிந்துகொள்ள வழி இருந்தும் தெரியாமல் ஓதுகிறவருக்கு இந்த நியாயம் கிடையாது. மாணிக்கவாசகர் போட்ட நிபந்தனை தமிழ் தெரிந்தவர்கள்மேல் முழுப் பாரத்தோடு இறங்குகிறது. காப்பது பாங்காக் அந்தணர்களின் கடமையாக இருந்தது, நிறைவேற்றினார்கள். உணர்வதும் உணர்த்துவதும் நம் கடமை.

அடுத்த மார்கழிக்கு என் வகுப்பில் ஒப்பித்தல் இல்லை. முதல் எட்டுப் பாட்டையும் பெண்பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பிரித்துக்கொண்டு, ஒருத்தி வெளியே நின்று கூப்பிட, ஒருத்தி உள்ளேயிருந்து பதில் சொல்ல, தங்கள் பேச்சு மொழியில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பாடட்டும்.